விபரம் எடுக்க வந்தவர்

அன்பு மகனுக்கு,

நலமா என்று நான் கேட்டதும் நலம் என்று நீ சொன்னதும் சனிக்கிழமை தொலைபேசியிலேயே முடிந்துவிட்டபடியால் நேரே விடயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் பதிவுத் தபாலில் வருகிறது. கையொப்பமிட்டுத்தான் நீ இதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். தொலைபேசியில் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருமுன்னர் நீ "சரியப்பா, விளங்குது" என்று சொல்லிவிடுவாய். உனக்கு விளங்கியது எது என்பதை இதுவரை ஒருமுறையேனும் என்னால் உறுதிப்படுத்திக்கொள்ள முடிந்ததில்லை. வருகிற வெள்ளிக்கிழமை நீ கொழும்பிலிருந்து ரயில் ஏறுகிறாய். அதற்கடுத்த புதன்கிழமை உனக்கும் தர்சினிக்கும் எழுத்து. பதிவேட்டில் நீங்கள் இருவரும் கையெழுத்து வைத்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் கலியாணம் முடிந்தது. மிகுதியெல்லாம் மேளமும் சாப்பாடும்தான். புதன்கிழமைக்கு முன்னர் நீ செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்காகவே எழுதுகிறேன். ஆனால் நேற்று என்ன நடந்தது என்பது உனக்கு விளங்க வேண்டுமானால் நான் சற்றுப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். பொறுமையாக வாசி.

பதினெட்டு வருடங்களாக நான் இந்தப் பிரிவின் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளராக இருக்கிறேன். எழுத்துக்கு வரும் மாப்பிள்ளை பொம்பிளையிடம் சட்டம் கேட்கச் சொன்ன கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்த பின், என் சொந்தப் பொறுப்பில் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பது என் வழக்கம். "ஒராளுக்கொராள் மறைச்சது ஏதும் இருக்கோ? இருந்தால் இப்பவே சொல்லுங்கோ, நான் பேனையை மூடி வைக்கிறன்." பெரும்பாலானவர்கள் நாணிச் சிரிப்பார்கள். ஒரே ஒரு மாப்பிள்ளை மட்டும் எழுந்து நின்று, தனக்கு நீந்தத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். பொம்பிளை கரையூரில் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பெண். விம்மி அழுதுவிட்டு, அழுதுகொண்டே கையெழுத்து வைத்தாள். போன கிழமை வழக்கம்போல ஒரு சோடி வந்து முன்னால் அமர்ந்தது. என் கேள்வியின் முதற்பாதியைக் கேட்டேன். இரண்டாம் பாதிக்குப் பதிலாக இருமினேன். "ஐயா, தண்ணி கொண்டு வரட்டோ?" என்று அந்த மாப்பிள்ளை கேட்டான். இதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தண்ணீரைக் குடித்துவிட்டு எழுத்தை எழுதி முடித்தேன்.

நீ வளர்ந்த வீட்டில் செருப்புகளுக்கும் இலக்கம் இருந்தது. உன்னுடையது மூன்று. ஒன்பது வயதில் நீ விளையாடிவிட்டுப் பிந்தி வந்த ஒரு நாள், எழுத்தில் விளக்கம் கேட்டேன். நீ எழுதித் தந்தாய். இரண்டு எழுத்துப்பிழைகளின் கீழே கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். விளக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய உன்னைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்ட காலையை நீ மறந்திருக்கமாட்டாய். வாசற் படலையைப் பூட்டிக்கொண்டு ஒழுங்கை முகப்புவரை போய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வந்தேன். பூட்டியிருந்தது. மறுபடி போனோம், மறுபடி வந்தேன். நான்காம் முறை பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரயில் கூவிக்கொண்டு போனது நம் எல்லோருக்கும் கேட்டது. அம்மா பெட்டியின் மேல் அமர்ந்துவிட்டாள். "வடிவாய்ப் பாருங்கோ, பூட்டு ரெயிலிலை ஏறிப் போச்சோ தெரியாது" என்றாள். நீ சிரிக்கவில்லை. அன்று நான் உனக்கு ஒழுக்கத்தைப் பற்றி ஒரு சிறு விரிவுரை செய்தேன். மகனே, அது ஒழுக்கமன்று. அதற்கு வேறு பெயர் உண்டு என்பதை ஐம்பது வயதில்தான் தெரிந்துகொண்டேன். அந்த ரயிலுக்காகவும் அந்த இரண்டு கோடுகளுக்காகவும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

போன வருடம் தர்சினியின் சாதகம் பொருந்திய பிறகு, தரகர் ஒரு தாள் கொண்டுவந்து தந்தார். குடும்ப விபரம். பொம்பிளை வீட்டாருக்குக் கொடுப்பதற்காக நாங்கள் நிரப்ப வேண்டியது. அச்சடித்த தாள், என் மனதுக்கு உகந்த விதமாகக் கட்டங்களோடு இருந்தது. தகப்பனின் உடன்பிறந்தோர் என்ற கட்டத்தில் "உயிருடன் / காலமானார்" என்றும், அடியில் "பொருத்தமற்றதை வெட்டிவிடவும்" என்றும் இருந்தது. உன் சித்தப்பாவை நீ கண்டதில்லை. நீ பிறப்பதற்கு முன்பு, யுத்த காலத்தில் ஒரு மத்தியானம், சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வருகிறேன் என்று போனவன், இன்றுவரை வரவில்லை. எங்கள் ஊரில் இப்படிப் போனவர்களின் வீட்டாருக்குக் கொடுக்கும் படிவங்களை எத்தனையோ பேருக்கு நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அழுகிறவர்களுக்குக் கதிரை போட்டு, எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று விளக்கியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் எந்தப் படிவமும் நிரப்பவில்லை. உரிய ஆதாரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாள் வந்த திங்கட்கிழமை பிற்பகல் முழுவதும் பேனையைப் பிடித்தபடி அந்தத் தாளின் முன் இருந்தேன். இரண்டில் எதை வெட்டினாலும் பொய்ச் சான்று. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், ஆறியதும் எடுத்துக்கொண்டு போனாள் என்பது ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை நான் அச்சுவேலிக்குப் போவதாக இருந்தது. சம்பந்தம் பேசும்போது மற்றப் பகுதியைப் பற்றிச் சத்தமில்லாமல் விசாரித்து அறிவது நம்மவர் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். சந்திக்கடையில் ஒரு தேத்தண்ணி குடிப்பார்கள், கோயில் வீதியில் யாரிடமாவது "இந்த வீட்டுக்காரர் எப்பிடி?" என்று கேட்பார்கள், திரும்பிவிடுவார்கள். எனக்கு அந்த முறை போதாது. ஒரு கொப்பியில் இருபத்திரண்டு கேள்விகளை இலக்கமிட்டு எழுதி, ஒவ்வொன்றின் கீழும் விடைக்கு இடம் விட்டிருந்தேன். ஏழாவது கேள்வி: குடும்பத்தில் எவருக்கேனும் மனநோய் உண்டா? இந்தக் கொப்பியோடு சைக்கிளில் ஏறி, காலை ஏழே முக்காலுக்கு இணுவிலிலிருந்து புறப்பட்டேன். கோயில் வீதி முடக்கில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது.

தெரியாது என்ற சொல்லை அளந்தே பயன்படுத்துகிறேன். மங்கலாகத் தெரிகிறது என்றோ, யோசித்தால் வரும் என்றோ பொருளன்று. நாய்க்கு அடுத்ததாக என் ஞாபகத்தில் இருப்பது, புதன்கிழமை பின்னேரம் சுன்னாகம் புகையிரத நிலைய வாங்கில் அமர்ந்திருக்கும்போது உன் அம்மா என் கன்னத்தைப் பிடித்து உலுக்குவது. இடையில் ஒன்றரை நாள் இல்லை. என் கொப்பிகளின் முதற்பக்கத்தில், கண்டெடுப்பவர் அறிவிக்க வேண்டிய தொலைபேசி இலக்கத்தை எழுதிவைப்பது வழக்கம். என் பெயர் எழுதுவதில்லை, பெயரைக் கொண்டு என்ன செய்வார்கள்? நிலையத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் அந்த இலக்கத்துக்கு அழைத்திருக்கிறார். "அம்மா, உங்கடை கொப்பி ஒண்டு இஞ்சை கிடக்கு. கொப்பியோடை ஒரு ஐயாவும் இருக்கிறார். பேர் கேட்டால் சொல்லுறாரில்லை." ஊரெல்லாம் தேடி அழுது களைத்திருந்த அம்மா கேட்டாளாம், "ஐயா எப்பிடி இருக்கிறார், தம்பி?" "கொப்பி நல்லாய்த்தான் இருக்கு அம்மா. ஐயாதான் கொஞ்சம்…" சைக்கிள் நிலையத்தில் பூட்டியிருந்தது, இரண்டு பூட்டு. எனக்கு யாரோ சவரம் செய்துவிட்டிருந்தார்கள். எங்கே, யார் என்பதற்கு இன்றுவரை சாட்சியம் இல்லை. என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்த இரு நாட்களிலும் எங்கள் பிரிவில் எவரும் பிறக்கவில்லை, இறக்கவில்லை, கலியாணம் முடிக்கவில்லை. அந்த அளவில் என் கடமையில் தவறில்லை.

நீ விடுப்பெடுத்துக்கொண்டு ஓடி வந்தாய். மூளையைப் படம் எடுத்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பிறகு மனநலக் கிளினிக்குக்கு என்னுடன் வந்து, வெளியே வாங்கில் இருந்தாய். உள்ளே நடந்ததை இப்போதுதான் உனக்குச் சொல்கிறேன். மருத்துவர் உன் வயதை ஒத்த பெண். அவருடைய படிவத்தில் மூன்றாம் பந்திக்கு இலக்கம் விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினேன். நன்றி சொல்லி இலக்கமிட்டார். இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்டார். படலைப் பூட்டைப் பற்றிக் கேட்டார். காலையில் எழும்ப மனமில்லாமல் இருந்த வருடங்களைப் பற்றிக் கேட்டார்; நான் அவற்றைக் களைப்பு என்றே பதிந்துவைத்திருந்தேன். வெடிச்சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போய்விடுவதைப் பற்றிக் கேட்டார். கலியாண வீட்டுச் சீனவெடிக்கும் போனதுண்டு என்றேன். கடைசியாகச் சொன்னார்: "ஐயா, உங்களுக்கு வந்த மாதிரி மறதி தனிய வாறது குறைவு. மனசு தாங்கேலாத ஒண்டைக் கண்டால் தன்னைத்தானே கொஞ்சம் விலத்தி வைச்சிடும். உங்களிட்டை ஏற்கெனவே மூண்டு பேர் குடியிருக்கினம். மனவடு, மனச்சோர்வு, இந்தத் திருப்பித் திருப்பிப் பாக்கிற வருத்தம். மறதியார் நாலாவது."

அவர்களில் யார் மூத்தவர் என்று கேட்டேன். "அது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்" என்றார். உன் சித்தப்பாவின் கட்டத்தைப் பற்றி அன்றுதான் வாய் திறந்தேன். அவர் எதுவும் எழுதவில்லை, பேனையைக் கீழே வைத்துவிட்டார். தொலைந்த ஒன்றரை நாள் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், தோண்ட வேண்டாம் என்றார். நான் வீட்டுக்கு வந்து புதிய காகிதக் கோவை ஒன்றைத் திறந்து விசாரணை நடத்தத் தொடங்கியதும், அடுத்த தவணையில் அந்தக் கோவையை அவர் பறிமுதல் செய்ததும் உனக்குத் தெரிந்தவை. மாத்திரை எடுக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்க் கதைக்கிறேன். இப்போது படலையை இரண்டு முறைக்கு மேல் பார்ப்பதில்லை. மூன்றாம் முறை பார்க்கத் தோன்றினால் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. அம்மா அதை மகிழ்ச்சியோடு அமுல்படுத்துகிறாள். உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காரணமில்லாத களைப்பு மாதக்கணக்கில் உனக்கு வந்தால், என்னைப்போல அதற்கு மரியாதையான பெயர் சூட்டி வைத்திருக்காதே. கெதியாகப் போய் யாரிடமாவது காட்டு.

கொப்பியைப் பிறகு பார்த்தோம். இருபத்திரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் சாய்ந்து, துள்ளி, கோட்டுக்கு மேலும் கீழுமாக ஓடியது. ஏழாவதன் கீழே இப்படி இருந்தது: "உண்டு. பெண்ணின் சின்னம்மா. மாத்திரை எடுக்கிறா. இப்ப நல்ல சுகம். மறைக்க ஒண்டுமில்லை எண்டு தாய் சொன்னா." சந்திக்கடையில் யாரோ சொன்னதை எழுதியிருக்கிறேன் என்று நாம் மூவரும் நினைத்தோம். தாய் சொன்னா என்ற சொற்களை நான் கவனித்திருக்க வேண்டும். ஆவணங்களை வாசித்து வயிறு வளர்க்கும் எனக்கு அது பெரும் தவறு.

ஒரு மாதம் கழித்துப் பொம்பிளை பார்க்கப் போன அன்று நடந்ததற்கு நீயும் சாட்சி. நான் கட்டம் கட்டமாக மடித்த வேட்டியோடு வாகனத்தைவிட்டு இறங்குகிறேன். தர்சினியின் தகப்பன் வந்து படலையைத் திறக்கிறார், என்னைப் பார்க்கிறார், இரண்டு கைகளையும் தூக்குகிறார். "அட, எங்கடை புறோக்கர் ஐயா! வாங்கோ வாங்கோ! இஞ்சாரப்பா, அண்டைக்கு விபரம் எடுக்க வந்தவர் வந்திருக்கிறார்! மாப்பிள்ளை வீட்டுக்காரரையும் கையோடை கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்!" தாய் ஓடி வந்து, "அண்ணை, அண்டைக்குச் சாப்பிட்ட புட்டு செமிச்சதோ?" என்று கேட்டா. ஆக, நான் அந்த வீட்டுக்கே போயிருக்கிறேன். விறாந்தையில் இருந்து அவர்களைப் பற்றி அவர்களிடமே விசாரித்திருக்கிறேன். மூன்று தரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். பெயர் கேட்டதற்கு, "பேர் என்னத்துக்கு, விபரம்தான் முக்கியம்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். பிறகு முற்றத்தில் குந்தியிருந்து அவர்களோடு வெங்காயத்தைப் பிடி பிடியாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். "என்ன பிடி! ஒண்டைப்போலை ஒண்டு, அளந்தாலும் அப்பிடி வராது" என்றார் தகப்பன். என் பெயரை மறந்த நிலையிலும் அளவை மறக்கவில்லை.

நான் நடுவீதியில் நின்றேன். அந்த ஒரு கணத்தில் உன் அம்மா முன்னே வந்து சொன்னாள்: "ஐயோ, இவர்தான் மாப்பிள்ளையின்ரை தகப்பன். உங்களை ஒருக்காச் சோதிச்சுப் பாக்கிறதுக்கு வேஷம் போட்டு வந்தவர். இவரின்ரை பகிடி உப்பிடித்தான்." எல்லோரும் திகைத்து நிற்க, முதலில் சிரித்தவன் நீ. "அப்பா எப்பவும் உந்த விளையாட்டுத்தான்" என்றாய். இருபத்தைந்து வருடங்களாக என்னை அறிந்தவன், செருப்பு இலக்கம் மூன்று, அப்படிச் சொன்னாய். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உன்மேல் மட்டும் குற்றம் சுமத்த மாட்டேன். அம்மா பயத்தில் சொன்னாள், நீ அம்மாவுக்காகச் சிரித்தாய், நான் தலையாட்டினேன். மூன்று பேரும் ஒப்பமிட்ட பொய். கலியாணம் முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று வாகனத்தில் திரும்பும்போது பேசிக்கொண்டோம். இந்த "பிறகு" என்ற திகதிக்கு எந்த நாட்காட்டியிலும் இலக்கமில்லை என்பதை நான் அறியாதவனா?

அதன்பின் நான் பட்ட பாட்டை நீ கொழும்பில் இருந்தபடியால் முழுதாக அறியமாட்டாய். வலிகாமத்திலேயே பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்கவைக்கத் தெரியாத மனிதன் நான். இப்போது அச்சுவேலியில் எனக்குப் பகிடிக்காரச் சம்மந்தி என்று பெயர். நிச்சயதார்த்தத்தில் என்னை நடுவில் இருத்தி, சுற்றிவர ஆட்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் வாயையே பார்த்தார்கள். வீட்டில் ஐந்து பகிடிகளை இலக்கமிட்டு எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். விவாகக் கட்டளைச் சட்டத்தின் ஒரு பிரிவைப் பற்றிய முதலாவதைச் சொன்னேன். எல்லோரும் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு கிழவர் "முகத்தைப் பார், சிரிக்கிறாரே இல்லை!" என்றதும் கூட்டம் உருண்டு புரண்டது. நான் மெய்யாகவே வெயில் அதிகம் என்று சொன்னதற்கும் சிரித்தார்கள். இன்னொரு மனிதனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. அவர்கள் விரும்புவது அந்த ஒன்றரை நாள் மனிதனை. அவனோடு எனக்கு அறிமுகமே இல்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டால் அவன் நல்லவனாகத்தான் இருக்கிறான், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவன் நோயாளி, நான்தான் அவனுடைய பொறுப்பாளி.

இனி நேற்று நடந்தது. போன கிழமைச் சோடியின் முன்னால் தண்ணீர் குடித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவிடம் சொல்லாமல், மனநலக் கிளினிக்கில் நோயாளிக்குத் தரும் கொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அச்சுவேலிக்குப் போனேன். தகப்பனும் தாயும் முற்றத்தில் வெங்காயத்தோடு இருந்தார்கள். "வாங்கோ சம்மந்தி! இண்டைக்கு என்ன பகிடி?" என்றார் அவர்.

"இண்டைக்குப் பகிடி இல்லை" என்றேன்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மெய்யாய்த்தான். அண்டைக்கு நான் இஞ்சை வந்தது எனக்கு ஞாபகமில்லை. நான் ஆரெண்டதே அண்டைக்கு எனக்குத் தெரியேல்லை."

"இஞ்சாரும், தேத்தண்ணி போடும், சம்மந்தி தொடங்கீட்டார்!" என்று அவர் கண்ணைத் துடைத்தார். "சொல்லுங்கோ, சொல்லுங்கோ. ஆரெண்டு நினைச்சனீங்கள்?"

என் வாழ்நாளில் முதன்முறையாகச் சொன்னதெல்லாம் பகிடியாகப் போய்க்கொண்டிருந்தது. வேறு வழியின்றிக் கிளினிக் கொப்பியை எடுத்து வெங்காயக் குவியலின் மேல் வைத்தேன். தாய் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்தா. மட்டையைப் பார்த்ததுமே அவவின் சிரிப்பு நின்றுவிட்டது. "உது எங்கடை தங்கச்சியிட்டை இருக்கிற கொப்பியெல்லே" என்று மெதுவாகச் சொன்னா. பிறகு நான் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன், காணாமல் போன என் தம்பியின் கட்டம் உட்பட. தேத்தண்ணி வரவில்லை, ஒருவரும் எழுந்து போகவில்லை.

தகப்பன் கோபக்காரர் அல்ல என்றுதான் நினைத்திருந்தேன். "வருத்தம் எண்டால் வருத்தம். ஆருக்குத்தான் இல்லை?" என்றார். "ஆனால் அண்ணை, நீங்கள் கேட்டவுடனை நாங்கள் சொன்னனாங்கள். தங்கச்சியின்ரை கதையை, ஆரெண்டே தெரியாத ஒரு மனுசனுக்கு, ஒளிக்காமல் சொன்னனாங்கள். நீங்கள் அதை எழுதிக்கொண்டு போனீங்கள். எங்களைப் பாத்து நீங்கள் மூண்டு பேரும் சிரிச்சீங்களே?" பிழை என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் கதவடியில் தர்சினி நிற்பதைக் கண்டேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என் நோயைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு வருமா, மாத்திரை எவ்வளவு காலம் என்று கேட்பாள் என எதிர்பார்த்து, மருத்துவரிடம் கேட்டறிந்த விடைகளையெல்லாம் ஒழுங்குபடுத்திக்கொண்டு போயிருந்தேன். அவள் கேட்டது இதுதான்: "மாமா, அவருக்கு அண்டைக்கே தெரியுமோ?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் உன்னைக் காப்பாற்றியிருப்பேன். அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது என்பதையும் மறைக்கவில்லை. "ஓம் பிள்ளை" என்றேன்.

"எட்டு மாசமாய் ஒவ்வொரு நாளும் என்னோடை கதைக்கிறவர்" என்றாள். "ஃபோனிலை சொல்ல வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. வந்து சொல்லச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு புதன்கிழமையைப் பாப்பம்." உள்ளே போய்விட்டாள். தகப்பன் என்னோடு படலைவரை வந்தார். பிறகு பஸ் வரும்வரை என் பக்கத்தில் நின்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "எல்லாத்தையும் மறந்த மனுசனுக்கு இதை மட்டும் மறக்கேலாமல் போச்சோ?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அழுது முடித்தபின், அந்தப் பொய்யைச் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் தனக்கு ஒரு வாய் தண்ணீரும் இறங்கவில்லை என்றாள். அவளை நீ கடிந்துகொள்ளாதே.

கலியாணம் நிற்குமா, நடக்குமா என்பது எனக்குத் தெரியாது. நடக்காவிட்டால் அதற்கு என் நோய் காரணமாயிருக்காது. நாம் மூவரும் காரணமாயிருப்போம், அதில் உன் பங்கை நீதான் தூக்க வேண்டும். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான்கு மாதிரிகள் வரைந்தேன். நான்கையும் கிழித்துவிட்டேன். நான் கோடிட்டுத் திருத்தாமல் நீ சொல்லப்போகும் முதல் விளக்கம் இது, பிழையிருந்தால் இருக்கட்டும். அம்மா சொன்னபடியால் என்று தொடங்காதே. அப்பா பாவம் என்றும் தொடங்காதே. அவள் கேட்பதற்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். என் வாழ்க்கையின் ஒன்றரை நாளைப் பற்றி நான் தினமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஒருவரும் என்னை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை.

வெள்ளிக்கிழமை ரயிலால் இறங்கியதும் வீட்டுக்கு வராதே. நாங்கள் உன்னைப் பார்க்கக் காத்திருப்போம் என்பது உண்மைதான், ஆனால் வந்தாயானால் அம்மா சோறு போடுவாள், நீ குளிப்பாய், நான் ஏதேனும் அறிவுரை சொல்வேன், பொழுது போய்விடும். பெட்டியோடு பஸ் நிலையத்துக்கு நட. எங்கள் பக்கத்துப் பஸ்தான் முதலில் வரும், உன் கண் முன்னாலேயே வந்து நிற்கும். நடத்துநர் தெரிந்தவராயிருந்தால் பெயர் சொல்லியும் கூப்பிடுவார். ஏறாதே. அச்சுவேலி பஸ் வரும்வரை நில்.

அப்பா